பரஸ்தானம் போன பை

கண்ணாடிக் கதவு போட்ட பீரோவின் மேல்தட்டில் அந்தப் பை உட்கார்ந்திருந்தது. பழுப்புத் தோல், இரண்டு பித்தளைக் கொக்கிகள், கைப்பிடியில் தடித்த நூல் தையல். பக்கவாட்டில் ஒட்டியிருந்த நீலச் சீட்டு பாதி உரிந்து போயிருந்தாலும் அதில் அச்சடித்த சின்ன விமானம் இன்னும் தெரிந்தது. என் பழைய மேனேஜரின் மகன் தியாகராய நகரில் கட்டியிருக்கும் வீட்டின் வரவேற்பறையில், வெள்ளிக் கோப்பைகளுக்கும் குடும்பப் படங்களுக்கும் நடுவே அதற்கு இடம் கொடுத்திருந்தார்கள். அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக முடியாமல், பத்து நாள் கழித்து விசாரிக்கப் போயிருந்தேன். காபி வருவதற்கு முன்பே பையைக் காட்டிவிட்டார். "அப்பா அந்தக் காலத்துலேயே ஏரோப்ளேன்ல போனவர் சார். கம்பெனி வேலையா, அவசரமா, பம்பாய்க்கு. ராயபுரத்துலேர்ந்து மீனம்பாக்கத்துக்கு டயத்துக்குப் போய்ச் சேரணுமே! 'டயம்னா டயம்'னு சொல்வாரே, ஞாபகம் இருக்கா?" என்றார். ஞாபகம் இருக்கிறது என்றேன். ஞாபகம் இல்லாமல் எங்கே போகும்?

மேனேஜர் என்று நாங்கள் சொன்னது, ராயபுரத்தில் கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியின் கிளைக்குத் தலைவராக இருந்தவரை. நான் அங்கே ரைட்டர். துறைமுகக் கூலிகள் வரவர அவர்கள் கட்டை விரலை மையில் தோய்த்து மஸ்டர் புத்தகத்தில் பதிய வைத்து, பக்கத்தில் தேதி எழுதுகிற குமாஸ்தாவுக்கு அந்தப் பெயர். முப்பதுகளின் நடுவில் எனக்கு இருபத்தாறு வயது, கல்யாணமாகி ஒரு வருடம். மேனேஜருக்கு ஐம்பது இருக்கும். மூடிய கழுத்துக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை, கோட்டுப் பையிலிருந்து தொங்கும் கடிகாரச் சங்கிலி என்று ஆள் பார்க்கக் கம்பீரமாகத்தான் இருப்பார். வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் அவர் குரல் தொண்டையைத் தாண்டாது. துரை ஊட்டிக்குக் கிளம்பிய மறுநாள் அது காசிமேடு வரைக்கும் கேட்கும். இந்த இரண்டு குரலுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு குரல் அந்த மனிதரிடம் இருந்ததாக எனக்குத் தெரியாது.

"டயம்னா டயம்" என்பது அவர் வாய்ச்சொல். காலையில் சங்கு ஊதியதும் கேட்டைச் சாத்தச் சொல்வார். காத்திவாக்கத்திலிருந்து விடியுமுன் கிளம்பி மணலில் நடந்து வருகிற ஆள் ஒரு நிமிஷம் பிந்தினாலும் அன்றைக்கு வேலை கிடையாது, வந்த வழியே திரும்பி நடக்க வேண்டியதுதான். மேனேஜரோ எந்த நாளும் பத்து நிமிஷம் பிந்தாமல் வந்ததில்லை. அதற்காக ஆபீஸ் சுவர்க் கடிகாரத்தைப் பியூன் எப்போதும் பத்து நிமிஷம் பின்னால் ஓடும்படியே வைத்திருப்பான். உள்ளே நுழைந்ததும் மேனேஜர் அந்தக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்ப்பார். தன் பைக் கடிகாரத்தை எடுத்து, அது கொஞ்சம் வேகமாக ஓடுவதாகச் சலித்துக்கொண்டு, முள்ளைப் பின்னுக்குத் தள்ளிச் சரி செய்வார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா? டயம்னா டயம்" என்பார். நாங்கள் எல்லோரும் தலையாட்டுவோம். அப்படி ஆட்டிய தலைகளில் என் தலையும் ஒன்று.

அவர் மேஜையில் மை ஒற்றும் அட்டைக்கு அடியில் ஒரு பஞ்சாங்கம் இருக்கும். பஞ்சாங்கம் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை, என் வீட்டிலும் பார்த்தோம். ஆனால் அந்தக் கம்பெனியில் ராகு காலம் அவர் ஒருவருக்கு மட்டும்தான் உண்டு. பாய்லரைக் கப்பலிலிருந்து சங்கிலியில் இறக்குகிறவனுக்கு ராகுவும் கிடையாது, எமகண்டமும் கிடையாது. ஒரு தரம் கூலி ஒருவன் ராகு காலம் முடியட்டும் என்று தயங்கியபோது, "மூட நம்பிக்கை பாத்தா முன்னேற முடியுமா?" என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டு, அவர் மட்டும் அறைக்குள் போய் மணி ஆகும்வரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

இனி மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாரம் இறக்கும் ஆட்களுக்குத் தலைவன் அவன். ஆறடி உயரம், அதிகம் பேசமாட்டான். சங்கிலியின் சத்தத்தை வைத்தே எந்த வளையம் நைந்திருக்கிறது என்று சொல்வான். பம்பாய்க் கிளையில் கனமான இயந்திரங்கள் வந்து இறங்கவே, கம்பெனி அவனை அங்கே அனுப்பியது. போய்ச் சேர்ந்த நாலாம் நாள் போலீஸ் பிடித்துக்கொண்டது. அவன் பம்பாய்க்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பு அங்கே கிடங்கில் செம்புக் கம்பி திருட்டுப் போயிருந்தது. திருடனை இருட்டில் பார்த்த காவல்காரன், உயரமான கறுத்த ஆள் என்பதை மட்டும் வைத்து இவனைக் கை காட்டிவிட்டான். திருட்டு நடந்த தேதியில் மேஸ்திரி ராயபுரத்தில் இருந்தான். அன்றைய பக்கத்தில் அவன் கட்டை விரல் இருந்தது, பதிய வைத்தவன் நான். ஒரு புதன்கிழமை மத்தியானம் பம்பாய் வக்கீலிடமிருந்து தந்தி வந்தது. வெள்ளிக்கிழமை விசாரணை, அசல் மஸ்டர் புத்தகம் நேரில் வேண்டும், நகல் செல்லாது. அன்றிரவு ரயிலில் அனுப்பினால்கூட விசாரணை முடிந்த பிறகுதான் போய்ச் சேரும். வியாழக்கிழமை காலை மீனம்பாக்கத்திலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் புறப்படுகிற நாள். அதை விட்டால் வேறு வழி இல்லை.

வழி சுலபமானதும்கூட. புத்தகத்தை மெழுகுத்துணியில் கட்டி, சாயங்காலம் ஐந்தரைக்குள் எங்கள் தபாலாபீஸில் ஏர் மெயில் என்று எழுதிக் கொடுத்தால் போதும். மற்றதைத் தபால்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் அதைத்தான் சொன்னேன். மேனேஜர் தந்தியை இரண்டாம் முறை படித்தார். தபால் விமானத்தில் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு பிரயாணிக்கும் இடம் உண்டு என்பது அவருக்குத் தெரியும், பல மாதமாக அதையே பேசிக்கொண்டிருந்தார். துரை ஊட்டியில் இருந்தார். "தபால்ல போட்டுத் தொலைஞ்சா யாருப்பா பொறுப்பு? நானே நேர்ல கொண்டு போறேன்" என்றார். ஒரு மனிதன் சிறையில் இருக்கிற செய்தியைப் படித்துவிட்டு, பிள்ளைக்குப் பெண் பார்க்கப் போகிறவர் போல முகம் மலர்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். மணி மூன்றுக்குள் விமானக் கம்பெனிக்கு ஆள் போய் இடம் வாங்கியாகிவிட்டது. கோட்டு இஸ்திரிக்குப் போயிற்று.

மேஸ்திரியின் பெண்சாதி கேட்டுக்கு வெளியே அழுதபடி நின்றுகொண்டிருந்தாள். வேர்க்கடலைக் கிடங்கில் சொத்தை பொறுக்குகிற வேலை அவளுக்கு, தலை முழுக்கத் தூசி. நான் வெளியே வந்ததும், "ரைட்டரய்யா, அந்த பொஸ்தகம் போயி சேந்துச்சின்னா எங்கூட்டுக்காரு வந்துருவாரா?" என்று கேட்டாள். வந்துவிடுவான் என்றேன். "ரயிலுல போவுதா?" "இல்லம்மா, ஆகாசக் கப்பல்ல." அவள் வானத்தைப் பார்த்தாள். "அம்மாந் தூரமா நம்மாளு கைநாட்டு பறந்துகினு போவுது!" என்றாள். அந்த ஆச்சரியத்தில் அழுகை நின்றுபோனது.

வியாழக்கிழமை தெற்கே சூலம். மீனம்பாக்கம் ராயபுரத்துக்குத் தெற்கே. இதை மேனேஜர் நாலு மணிக்குத்தான் கவனித்தார். சாமானிய ஜனங்கள் ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்தப் பரிகாரம் ஆகாச மார்க்கமாகப் போகிற மனிதருக்குப் போதாதாம், பரஸ்தானம்தான் வைக்க வேண்டுமாம். நாள் சரியில்லாதபோது, முந்தின நாளே நல்ல நேரத்தில் நம் பொருள் ஒன்றை வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது பரஸ்தானம். பொருள் கிளம்பினால் நாமே கிளம்பினதாகக் கணக்கு. மறுநாள் அந்த வீட்டுக்குப் போய்ப் பொருளை எடுத்துக்கொண்டு பயணத்தைத் தொடரலாம், சூலம் அண்டாது. தெற்கே சைதாப்பேட்டையில் அவருக்கு ஒரு தம்பி இருந்தார், அங்கே வைத்திருந்தால் போகிற வழியாகவே இருந்திருக்கும். ஆனால் தம்பியோடு ஏழு வருடமாகப் பேச்சில்லை. ஆகவே பழைய வண்ணாரப்பேட்டையில் சம்பந்தி வீடு என்று முடிவாயிற்று. ரயில் பாதைக்கு மேற்கே, லெவல் கிராஸிங்கைத் தாண்டி. புதிதாக வாங்கிய தோல் பைக்குள் வேட்டி, துண்டு, சவரக் கத்தி, எல்லாவற்றுக்கும் மேலே மஸ்டர் புத்தகம். பையைக் கொண்டுபோய் வைத்தது நான்தான். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

விமானம் ஏழரைக்கு. காலை ஐந்தரைக்கே கம்பெனி மோட்டாரோடு அவர் வீட்டு வாசலில் நின்றோம். மீனம்பாக்கத்திலிருந்து மோட்டாரோடு திரும்பி, போய்ச் சேர்ந்த செய்தியை ஆபீஸில் சொல்வதற்காக நானும் வர வேண்டும் என்று உத்தரவு. காசிமேட்டுக்காரரான டிரைவர் நாலு மணிக்கே எழுந்து வண்டியைத் துடைத்திருந்தார். மேனேஜர் ஆறு மணிக்கு வெளியே வந்தார், கையில் வாசனைத் துணி, காதில் பஞ்சு. ஆகாசத்தில் காது அடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பஞ்சு வைத்துக்கொண்டதால் நாங்கள் சொன்ன எதையும் அவருக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

கிராஸிங்குக்குப் போனால் கேட் மூடியிருந்தது. எண்ணூர்ப் பக்கமிருந்து உப்பு ஏற்றிய வேகன்களை முன்னும் பின்னுமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் தோல் மூட்டை ஏற்றிய கட்டை வண்டிகள், கைவண்டிகள், ஒரு ஜட்கா. "ஷண்டிங் ஆவுது சார். இப்போத்திக்கு தொறக்க மாட்டான்" என்றார் டிரைவர். "பையி உள்ளார கீற பொஸ்தகம் மட்டும் போதும்ல? ரைட்டரு குனிஞ்சி அந்தாண்ட போயி எட்த்துகினு வரட்டும். நாம பீச் ரோட்ட புட்ச்சி தெக்கால பூடலாம். ரோடு காலியா கீது சார்." நான் அதற்குள் கதவைத் திறந்து காலைக் கீழே வைத்துவிட்டேன். மேனேஜர் என் தோளைப் பிடித்தார். "பரஸ்தானம் வச்ச பை திரும்பிக் கிழக்கே வரக் கூடாதுப்பா. போன காரியம் திரும்பிடும். நான்தான் அங்க போய் என் கையால எடுக்கணும். உனக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போவுது?" என்றார். வேகன்கள் போயின, வந்தன, மறுபடி போயின. டிரைவர் பீடியைப் பற்ற வைத்து, அவர் பக்கம் புகை போகும்படி ஊதினார். கடைசியில் கேட் திறந்தபோது இரண்டு பக்க வண்டிகளும் தண்டவாளத்தின் மேல் முட்டிக்கொண்டன. ஒரு மாடு படுத்துக்கொண்டது. டிரைவர் இறங்கிப் போய் அதன் வாலை முறுக்கி எழுப்பி, வண்டிக்காரனின் பாட்டனார் வரைக்கும் விசாரித்துவிட்டு வந்தார்.

சம்பந்தி ஜவுளி வியாபாரி. பையைப் பூஜை அறையில் வைத்திருந்தார். பூஜை அறைக்குள் போக அவர் குளித்தாக வேண்டும். குளிக்கத் தண்ணீர் காய வேண்டும். "பரஸ்தானம் வெச்ச வீட்ல கை நனைக்காம போலாமா சம்பந்தி? நல்லாவா இருக்கும்? இட்லி ரெடியா கீது" என்றார் வீட்டு அம்மாள். அந்த அம்மாள் மேல் எனக்கு வருத்தமில்லை, விருந்தாளிக்குச் சொல்கிற வார்த்தையைச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். ஆறு இட்லி. நான் வாசலிலிருந்து எண்ணினேன். நடுவில் ஒரு தரம் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, "சார், நேரமாகுது" என்றேன். பஞ்சுக் காதுக்காக இன்னொரு தரமும் சொன்னேன். அவர் இடது கையால் பைக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "அது ஓடிப் போற கடிகாரம். எனக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. டயம்னா டயம்" என்று இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டார். வெளியே டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டிருந்தார். "அந்தாளு அங்க ஜெயிலுல கெடக்குறான். இவுரு இங்க சட்னி தொட்டுகினு கீறாரு. தூ!" என்றார். அவர் துப்பியது, பயணம் நல்லபடி நடக்கச் சம்பந்தி வீட்டார் வண்டிச் சக்கரத்துக்கு அடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தின் மேல் விழுந்தது. வேண்டுமென்றே செய்ததாகத்தான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு டிரைவர் ஓட்டிய ஓட்டம் இந்த வயதிலும் எனக்கு மறக்கவில்லை. யானைக்கவுனியில் மூட்டை வண்டிகள் தெருவை அடைத்திருந்தன. சென்ட்ரல் எதிரே ஒரு டிராம் கம்பி கழன்று நின்றுவிட்டது, அதற்குப் பின்னால் ஜட்காக்கள் எல்லாம் குவிந்திருந்தன. மவுண்ட் ரோட்டில் காலைக் காற்று வாங்க வந்த ஒரு சாரட்டு நடு ரோட்டை விட்டு நகர மறுத்தது. சைதாப்பேட்டைப் பாலத்தில் பட்டணத்துக்குக் காய்கறியும் புல்லும் கொண்டுவரும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிரே வந்தன. டிரைவர் கையை ஹாரன் பந்திலிருந்து எடுக்கவில்லை. "வெலகு நைனா! உசுரு போற சமாச்சாரம்!" என்று கத்திக்கொண்டே வந்தார். யாருடைய உயிர் என்று வண்டிக்காரர்கள் கேட்கவில்லை. சொன்ன மாத்திரத்தில் மாட்டை இழுத்து ஓரம் கட்டினார்கள். முன்பின் தெரியாத அந்தப் புல்வண்டிக்காரர்களுக்கு இருந்த அவசரம், பின் ஸீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவருக்கு இல்லை. சைதாப்பேட்டையில் தம்பி வீட்டைத் தாண்டும்போது மட்டும் தலைப்பாகையைச் சரி செய்துகொண்டு, தெருப் பக்கமாக நன்றாகத் தெரியும்படி உட்கார்ந்தார்.

கிண்டியைத் தாண்டியதும் ரோடு காலி. பறந்தோம். மீனம்பாக்கம் என்றால் அப்போது ஒரு பொட்டல், ஒரு தகரக் கொட்டகை, கம்பத்தில் காற்றடிக்கும் திசையைக் காட்டத் தொங்கும் ஒரு துணிக் குழல், அவ்வளவுதான். வண்டி உள்ளே திரும்புகிறபோது மேலே சத்தம் கேட்டது. டிரைவர் பிரேக்கை அழுத்திவிட்டு இறங்கி, கையால் கண்ணை மறைத்துக்கொண்டு பார்த்தார். "பூட்ச்சி சார்" என்றார். மேனேஜர் பஞ்சை எடுத்தார். பைக் கடிகாரத்தைத் திறந்தார். ஏழு இருபத்தாறு. கொட்டகையில் தொங்கிய கடிகாரத்தில் ஏழு முப்பத்தாறு. ஆபீஸில் தன் சோம்பலை மறைக்கப் பின்னுக்குத் தள்ளி வைத்த பத்து நிமிஷத்தைச் சங்கிலியில் கட்டி மீனம்பாக்கம் வரை சுமந்துகொண்டு வந்திருந்தார். அப்போதாவது அந்த முகத்தில் ஏதாவது தெரியும் என்று பார்த்தேன். "நாம டயத்துக்கு வந்துட்டோம். அவன்தான் முன்னாடி கெளம்பிட்டான்" என்றார். பிறகு கொட்டகை ஆபீஸருடன் அரை மணி நேரம் பேசினார். புத்தகத்தைப் பம்பாய்க்கு எப்படிச் சேர்ப்பது என்று பேசவில்லை. தன் டிக்கெட்டை அடுத்த விமானத்துக்கு மாற்றித் தர வேண்டும் என்று பேசினார். மாற்றிக் கொடுத்தார்கள்.

திரும்பும் வழியில் பையைத் திறந்து மஸ்டர் புத்தகத்தை என்னிடம் நீட்டி, "எடுத்த இடத்துல வச்சிடு" என்றார். விசாரணையைத் தள்ளிப் போடக் கேட்டு வக்கீலுக்குத் தந்தி கொடுக்கலாம் என்று நான் சொன்னதற்கு, மூன்று தடவை வாசகத்தைத் திருத்தி, சாயங்காலம் ஒரு தந்தி அனுப்பினார். வக்கீல் கேட்டுப் பார்த்தாராம், கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மேஸ்திரிக்கு ஒன்பது மாதம் கடுங்காவல் விதித்தார்கள். மேல் கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். போனால் புத்தகம் ஏன் வரவில்லை என்ற கேள்வி வரும், இட்லி வரும், பை வரும். ஆகவே துரைக்கு மேனேஜர் எழுதிய கடிதத்தில், லெவல் கிராஸிங் கேட் மூடியிருந்த காரணத்தால் தாமதம் நேர்ந்ததென்றும், வழக்கு முடிந்துவிட்டதென்றும் இருந்தது. அதை டைப் அடித்தவன் நான். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன்.

விமானத்தை விட்ட அந்த வியாழக்கிழமை சாயங்காலமே மேஸ்திரியின் பெண்சாதி கேட்டில் நின்றாள். நான் பக்கத்துச் சந்து வழியாகப் போய்விடலாம் என்று பார்த்தேன், அவள் பார்த்துவிட்டாள். "காலீல பாத்தேன் ரைட்டரய்யா" என்றாள். "கெடங்குக்கு போய்கினு இருந்தேன். மேல பூச்சி கணக்கா போச்சி. எங்கூட்டுக்காரு கைநாட்டு போவுதுன்னு ரோட்டுலயே வுழுந்து கும்ட்டேன்." அவள் நெற்றியில் மண் இன்னும் ஒட்டியிருந்தது. நல்லது என்று தலையை ஆட்டினேன். மேனேஜரிடம் ஆட்டிப் பழகிய தலை அல்லவா.

அடுத்த வாரம் மேனேஜர் விமானம் ஏறினார். எந்த வேலைக்கு என்று யாரும் கேட்கவில்லை. பம்பாயில் அவர் அந்தச் சிறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நீலச் சீட்டு ஒட்டிய பையோடு திரும்பி வந்து, வாசகசாலையில் 'ஆகாயப் பயணமும் நேரம் தவறாமையும்' என்று ஒரு மணி நேரம் பேசினார். பேச்சுக்கு அவரே அரை மணி பிந்தித்தான் வந்தார். கை தட்டினார்கள். பார்க்கப் போனால், அவர் கொடுமைக்காரர் இல்லை. கொடுமை செய்யவும் ஒரு மனிதனைப் பற்றிக் கொஞ்சம் நினைக்க வேண்டும். அவர் மேஸ்திரியை நினைக்கவே இல்லை.

ஒன்பது மாதம் கழித்து மேஸ்திரி வந்தான். வேலை கேட்கவில்லை. என் மேஜைக்கு முன்னால் நின்று, "அந்தப் பக்கத்த காட்டு ரைட்டரய்யா" என்றான். எடுத்துக் காட்டினேன். படிக்கத் தெரியாது அவனுக்கு. தன் கட்டை விரலை மெதுவாக அந்த மைத்தடத்தின் மேல் வைத்து, எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்தான். விரல் கல் உடைத்துக் காய்த்துத் தடித்திருந்தது. "இது நம்ம வெரலுதானே?" என்றான். ஆமாம் என்றேன். "அப்போ நானு அன்னிக்கி இங்கதான் இருந்துகீறேன்." அவனுக்கே அதில் சந்தேகம் வரும்படி ஒன்பது மாதமும் செய்திருந்தார்கள் போலிருக்கிறது. பிறகு கேட்டான், "பொஸ்தகம் ஏன் வர்ல?" கடிதத்தில் டைப் அடித்த அதே காரணம் என் வாயிலிருந்து வந்தது. "கேட் மூடிட்டாங்கப்பா." அவன் யோசித்தான். இருபது வருடம் அந்தக் கேட்டைத் தாண்டி வேலைக்கு வந்தவன். "ஆமா, அது ஒரு பேஜாரு புட்ச்ச கேட்டு" என்று சொல்லிவிட்டுப் போனான். மேனேஜரை அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் பார்த்தேன், அவருக்குக் கீழே வேலை செய்தேன், அவரை இகழாமல் ஒரு நாளும் தூங்கியதில்லை. அதனால் எனக்கு நல்ல தூக்கம் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது மீனம்பாக்கத்துக்குத் தார் ரோடு, டாக்ஸி, மணிக்கு ஒரு விமானம். மகன் அதையெல்லாம் சொல்லிக்கொண்டே பீரோவைத் திறந்து, பையை எடுத்து என் மடியில் வைத்தார். "நீங்க இதைத் தூக்கியிருக்கீங்களா சார்?" என்று கேட்டார். ஒரு தடவை என்றேன். அந்தப் புதன்கிழமை சாயங்காலம் இதைத் தூக்கிக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்கு நடந்தேன். தபாலாபீஸ் வழியில்தான் இருந்தது. ஏர் மெயில் மூட்டையைக் கட்ட இன்னும் இருபது நிமிஷம் இருந்தது, அந்த ஜன்னலில் இருந்தவருக்கு என்னைத் தெரியும். கம்பெனித் தபால் எல்லாம் என் கையால்தான் போகும். புத்தகத்தை எடுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, அதே கனத்துக்கு வேறு எதையாவது பைக்குள் வைத்திருந்தால் மேனேஜர் பம்பாய் போய்ச் சேரும்வரை கண்டுபிடித்திருக்க மாட்டார். படியில் ஏறினேன். பரஸ்தானப் பையை வழியில் திறக்கக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. அதில் எனக்கு நம்பிக்கை எதுவும் இல்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன், அவ்வளவுதான். இறங்கி நடந்துவிட்டேன்.

"பூட்டியிருக்கும் சார், சாவி எங்கேயோ போயிடுச்சு. அப்பா போனதுக்கப்புறம் யாரும் தொறந்ததே இல்லை" என்றார் மகன். நான் பித்தளைக் கொக்கியில் கட்டை விரலை வைத்தேன். அந்தப் பைக்கு என்றைக்குமே பூட்டு கிடையாது. லேசாகத் தொட்டதும் திறந்துகொண்டது.